மிஞ்சிய வாசல்: சிங்கப்பூரின் மூன்று இடுகாட்டு வாயில்களை முன்வைத்து

பழைய இடுகாட்டின் வாயிலைப் பழுதுபார்த்து நிறுத்துவது நல்ல காரியம்தானே, இதில் விமர்சிக்க என்ன இருக்கு என்று கேட்கலாம். உள்ளே இருந்தவர்கள் போன பிறகு நிற்கிற வாயில் யாருடைய நினைவு என்பதுதான் என் கேள்வி. சிங்கப்பூரில் இது மூன்று முறை நடந்திருக்கிறது; ஆகவே தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஃபோர்ட் கெனிங் குன்றில் 1846-இல் காப்டன் ஃபேபர் வடிவமைத்த கோதிக் வாயில்கள் இன்றும் நிற்கின்றன. 1865-இல் மூடப்பட்ட அந்தக் கிறிஸ்தவ இடுகாட்டின் கல்லறைகள் 1970-களில் அகற்றப்பட்டன. கல்வெட்டுகளைச் செங்கல் சுவரில் பதித்தார்கள், மற்றபடி புல்வெளி.

அடுத்தது பிடாடாரி. 'வித்யாதரி'தான் மலாயில் அப்படியாயிற்று. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோரும் அடுத்தடுத்த பகுதிகளில் அடங்கிய இடம். 1972-இல் மூடினார்கள். 2001 முதல் 2006 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார்கள். வாயிலும் சில கல்லறைக் கற்களும் ஒரு நினைவுத் தோட்டத்துக்குப் போயின. நிலம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிற்று.

மூன்றாவது புக்கிட் பிரவுன். 1922-இல் திறந்து 1973-இல் மூடிய சீனர் இடுகாடு. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். 2011-இல் அதன் ஊடாகச் சாலை போடப்போவதாக அரசு அறிவித்தது. மரபுடைமைக் கழகத்தினரும் தன்னார்வலர்களும் எதிர்த்தார்கள். ஆபத்திலிருக்கும் உலகச் சின்னங்களின் 2014-ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆனாலும் 4,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டன. வேலைக்கு இடைஞ்சலாக இருந்த இரும்பு வாயிலைக் கழற்றி, சீர்செய்து, 2016-இல் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்து லோர்னி நெடுஞ்சாலையில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன.

இந்த வாயில்களைக் கட்டியவர்கள் யார்? காலனிய அரசும் முனிசிபாலிட்டியும். புக்கிட் பிரவுன் அதற்குமுன் ஒரு சீனக் குலச்சங்கத்தின் நிலம். முனிசிபாலிட்டி அதை எடுத்து, அளந்து, எண் போட்டு, வாயில் வைத்தது. வாயில் அதிகாரத்தின் கையெழுத்து. உள்ளே இருந்ததோ சனங்களின் பிரதி: செத்தவரின் சொந்த ஊர், பிள்ளைகளின் பெயர், சில கல்லறைகளில் காவலுக்கு நிற்கும் சீக்கியச் சிப்பாய் சிலைகள், பெருஞ்செல்வரின் அரைவட்ட மேடைகள், அநாதைப் பிணங்களுக்கான ஒதுக்குப்புறம். அதிகாரம் தன் கையெழுத்தை வைத்துக்கொண்டு பிரதியை அழிக்கிறது. அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரும் வைக்கிறது. ஐரோப்பிய நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடுகாட்டை விளிம்புக்குத் தள்ளியது பற்றி ஃபூக்கோ 1967-இல் பேசினார். தள்ளுவதற்கு விளிம்பே இல்லாத தீவில் இடுகாடு ஒரு குறியாகச் சுருங்குகிறது.

'சின்ன நாடு, செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு நிலம்?' என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. வீடும் சாலையும் உயிரோடிருப்பவர்களின் தேவை. ஆனால் கோல்ஃப் மைதானங்களுக்கு நிலம் கிடைக்கிற அதே தீவில் இந்த வாதம் யாரிடம் மட்டும் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 1998 முதல் அங்கே புதைகுழிக்கு 15 வருஷம்தான் தவணை. எலும்புக்குத் தவணை, இரும்புக்கு நிரந்தரம்.

அப்படின்னா வாயிலை இடித்திருக்க வேண்டுமா? இல்லை. புக்கிட் பிரவுனில் பெரும்பகுதிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. தன்னார்வலர்கள் அந்த வாயில் வழியாகத்தான் ஆட்களைக் கூட்டிப்போய், ஒவ்வொரு கல்லாக நின்று கதை சொல்கிறார்கள். மீதி நிலம் வருங்காலக் குடியிருப்புக்கு என்று குறிக்கப்பட்ட இடம் என்பதால் அவர்கள் வேலை இன்னும் முடியவில்லை. பின்னால் கல்லறைகள் இருக்கும்வரைதான் அது வாயில்.

சிங்கப்பூரை விட்டுத்தள்ளுங்கள், எந்த ஊரிலும் இதே சலுகையை நீட்டுவார்கள். 'முகப்பை அப்படியே வச்சுக்கிறோம்' என்று அதிகாரி சொல்லும்போது நாம் கைதட்டுவதற்குமுன் உத்தரவை வாங்கிப் படிக்க வேண்டும். அதில் வாயிலின் உயரம், அகலம் மட்டும் இருக்கிறதா, பின்னால் கிடக்கும் நிலத்தின் நாலெல்லையும் இருக்கிறதா? நாலெல்லை இல்லையென்றால் நம்மிடம் கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.