கல்யாண ஆல்பமும் கேப்டன் ட்ரைப்பும்

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் பேர் புரட்டிப் பார்த்த புத்தகம் எது என்று கேட்டால், நான் கல்யாண ஆல்பத்தைத்தான் சொல்வேன். அதற்கு மட்டும் இதுவரை ஒரு விமரிசகரும் கிடைக்கவில்லை. போகட்டும், நாமே ஆரம்பித்து வைப்போம்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற கெடாரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊராகவும் இருக்கலாம், எல்லா ஊரிலும் ஒரே கதைதான். புதுசாகக் கல்யாணம் நடந்த வீட்டுக்குப் போனால் தண்ணீர் சொம்பு வந்த கையோடு ஆல்பமும் வந்துவிடும். முன்பெல்லாம் மடியில் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது முடியாது. கரிஷ்மா ஆல்பம் பெட்டியோடு சேர்த்து நாலைந்து கிலோ தேறும். தரையில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, கிரைண்டர் கல்லைத் திருப்புவது மாதிரி பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

உள்ளே என்ன? மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்விட்சர்லாந்து மலை அடிவாரத்தில் நிற்கிறார்கள். அடுத்த பக்கத்தில் பெண்ணின் முகம் ஒரு ரோஜாப்பூவுக்குள். அதற்கடுத்து ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் இரண்டு பேரும் சின்னதாக உட்கார்ந்திருக்கிறார்கள். (கோப்பையில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று பெரியப்பா யாரும் கேட்பதில்லை.) தாலி கட்டுகிற படம் எங்கோ ஒரு ஓரத்தில், ஆறு படங்களோடு ஏழாவதாக ஒண்டிக்கொண்டிருக்கும். காது குத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் இதே மலை, இதே ரோஜா. கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் அச்சில் முகத்தை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். ஆயிரம் கல்யாணத்துக்கு ஒரே ஆல்பம்.

வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த டிசைனர் பையன் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து வேலை செய்கிறான். கேட்பதும் நாம்தான், காசு கொடுப்பதும் நாம்தான். ஆல்பம் என்பது ஒரு புத்தகம் என்பதை நாம் மறந்துபோனதுதான் சங்கடம்.

பழைய ஆல்பம் ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு அட்டைத் தாள். நாலு மூலைக்கும் நாலு சின்ன முக்கோண ஒட்டு, அதில் படத்தைச் செருகியிருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கு நடுவே சரசரக்கும் மெல்லிய பட்டர் பேப்பர். முதுகில் இரண்டு துளை போட்டுப் பட்டுக் கயிறு. பக்கத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. பட்டர் பேப்பரைத் தூக்கும்போது முதலில் மங்கலாக ஒரு உருவம் தெரியும், பிறகு தாத்தா பளிச்சென்று வருவார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு சின்ன மௌனம் இருந்தது. இந்த மௌனத்தை முதலில் கொன்றது கரிஷ்மா அல்ல. எழுபது, எண்பதுகளில் வந்த ஒட்டுகிற ஆல்பம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, கோடு கோடாகத் தடவிய பசை மேல் படத்தை வைத்து மூடுகிற சமாசாரம். வசதிதான். ஆனால் கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாகி, படம் அதோடு ஒட்டி, எடுக்கப் போனால் அத்தையின் பாதி முகம் கையோடு வரும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். இருக்கிறபடியே வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

புகைப்பட ஆல்பம் என்கிற கலை நம் மண்ணில் எவ்வளவு உயரத்துக்குப் போனது என்று தெரிய வேண்டுமென்றால் 1858-க்குப் போக வேண்டும். லினேயஸ் ட்ரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், கம்பெனியின் மதராஸ் படையில் உத்தியோகம். 1855-ல் பர்மா அரசரிடம் தூது போன குழுவோடு போய்ப் படமெடுத்தார். 120 படங்கள், 50 பிரதிகள். ஆறாயிரம் அச்சு. ஒவ்வொன்றும் வெயிலில் காய வைத்து, கழுவி, கையால் அட்டையில் ஒட்டினது. அதற்குப் பிறகு மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, காமிராவையும் மருந்துகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம், ராயக்கோட்டை என்று 1858-ல் ஆல்பங்கள் வெளிவந்தன. இதில் 'தஞ்சாவூரும் திருவடியும்' என்று ஒரு தொகுதி உண்டு. நம் பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையைத்தான் பழைய வெள்ளைக்காரர்கள் திருவடி என்று எழுதுவார்கள், ஆகவே விழுப்புரத்துக்காரர்கள் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், இது திருவையாறு. நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். கண்ணாடியும் அப்போது வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் வெயிலில், வண்டியின் குலுக்கலில், கண்ணாடியைவிடக் காகிதம் தேவலை. முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம். அளவு சுமார் 12-க்கு 15 அங்குலம். பெரிதாக்குகிற வித்தையெல்லாம் இல்லை, நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு.

மதுரைத் தொகுதியில் யானைமலை படம் ஒன்று இருக்கிறது. ஒரு கல் மிருகம் படுத்திருக்கிற மாதிரி, முன்னால் வெறும் பொட்டல். வைகை, தரைப்பாலம், தூரத்தில் மதுரை என்று இன்னொன்று. இரண்டிலும் ஆள் அரவம் கிடையாது. அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் வேண்டும், நடக்கிறவர்கள் பதியமாட்டார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இவை அரசாங்கத்துக்கு எடுத்த படங்கள். கோயில், தூண், மண்டபம், கோயில் நகை எல்லாம் சொத்துப் பட்டியல் மாதிரி வரிசையாக வருகின்றன. புழங்குகிற ஜனங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மீனாட்சி கோயிலை இவ்வளவு அழகாகவும் இவ்வளவு வெறிச்சென்றும் காட்டிய ஒருவரை நான் மெச்சுகிறேன், கொஞ்சம் சந்தேகத்தோடு.

இன்னொரு விஷயம், கரிஷ்மாக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளலாம். ட்ரைப்பும் படத்தில் கை வைத்தவர்தான். அன்றைய நெகட்டிவில் வானம் சரியாக விழாது, திட்டுத் திட்டாகப் போகும். மனுஷர் நெகட்டிவின் மேல் வண்ணம் தடவி மேகங்களை வரைந்திருக்கிறார். மர இலைகளைக்கூடத் திருத்தியிருக்கிறார். ஆக, ஒட்டுவேலை நேற்று வந்த வியாதி இல்லை. ஆனால் அவர் பெரிய கோயில் மேல் மேகம் போட்டார், பெரிய கோயிலைத் தூக்கிக் கொண்டுபோய் ஆல்ப்ஸ் மலையில் வைக்கவில்லை.

தஞ்சாவூரில் அவர் செய்த காரியத்துக்காக மட்டுமே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டுகளை, காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்களாக எடுத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்தார். நீளம் சுமார் 19 அடி! அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து அச்சில் கொண்டுவர ஆரம்பித்தது 1891-ல். அதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்பே, ராஜராஜன் காலத்து எழுத்துகளை எட்டு எட்டாக நகர்ந்து ஒருவர் காகிதத்தில் பிடித்துவிட்டார். இது ஆல்பத்தில் அடங்கவில்லை, சுருளாகத்தான் வைக்க முடிந்தது. படிக்கிறவர் கோயிலைச் சுற்றி நடக்கிற மாதிரியே சுருளோடு நடந்தாக வேண்டும். வடிவமும் விஷயமும் ஒன்றாகிற இடம் இது.

1859-ல் சார்லஸ் ட்ரெவல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவில் கை இறுக்கமாக இருந்தார் என்று பெயரெடுத்த அதே மனிதர். 1857-க்குப் பிறகு கஜானா காலி. இந்தப் படமெடுக்கிற வேலை ஆடம்பரம் என்று நிறுத்தினார். ட்ரைப் அதற்கப்புறம் காமிராவை அநேகமாகத் தொடவில்லை. 1902-ல் இறந்துபோனார். 2014, 2015-ல் அவருடைய படங்கள் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று ஊர்களில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. தஞ்சாவூரும் மதுரையும் அந்த வரிசையில் இல்லை. யாருடைய கோயிலோ, அவர்கள் பார்க்கக் கம்ப்யூட்டர் திரைதான்.

இதெல்லாம் ராஜா வீட்டு விவகாரம், நமக்கென்ன என்கிறீர்களா? டெல்லியைச் சேர்ந்த தயானிதா சிங் 2008-ல் 'ஸென்ட் எ லெட்டர்' என்று ஏழு குட்டிப் புத்தகங்கள் போட்டார். ஒவ்வொன்றும் விசிறி மாதிரி மடித்தது. விரித்து அலமாரியில் நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி. எல்லாம் ஒரு துணிப் பெட்டிக்குள். அதில் ஒன்றில் இருப்பவை அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த குடும்பப் படங்கள். வீட்டுப் படமும் உலகத் தரமான புத்தகமாகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்திலேயே செய்யலாம். கெடாரிலிருந்து புதுச்சேரி ரொம்ப தூரமில்லை. ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் அங்கே கிடைக்கிறது, பருத்தித் துணியில் செய்தது. வாங்கும்போது ஒன்று பாருங்கள்: மொடமொட என்று பூவிதழ் ஒட்டி, வைக்கோல் பதித்து இருப்பது வாழ்த்து அட்டைக்குத்தான் லாயக்கு. படத்துக்கு வழவழப்பான வெற்றுத் தாள் போதும். விழுப்புரத்தில் கணக்கு நோட்டு கட்டுகிற பைண்டர் ஒருவர் கிடைத்தால் பாக்கி வேலையை அவரே முடிப்பார். அவரிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். ஒன்று, காகிதத்தின் நார் ஓடுகிற திசை முதுகுக்கு இணையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கம் அப்பளம் மாதிரி வளையும். அடுத்தது, படம் ஒட்டினால் ஆல்பம் வாய் பிளந்த முதலை மாதிரி ஆகிவிடும், ஆகவே முதுகுப் பக்கம் தாளுக்குத் தாள் ஒரு சின்னக் காகிதப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பைண்டர்களின் பழக்கம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அது நல்லது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, அதன் பக்கத்தில் மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். படத்தை ஒட்டவே ஒட்டாமல் மூலை வைத்துச் செருகுவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

கஷ்டமான வேலை இதற்கு முன்னால் இருக்கிறது. போனில் இருக்கிற நாலாயிரம் படத்திலிருந்து நாற்பதைத் தேர்ந்தெடுப்பது. அங்கேதான் குடும்பத்தில் சண்டை வரும், வரட்டும். எந்தச் சித்தி உள்ளே, எந்தச் சித்தப்பா வெளியே என்று தீர்மானிப்பதுதான் ஆல்பத்தின் அரசியல். பழைய ஆல்பங்களில் நடுவே ஒரு படம் பிடுங்கின இடம் இருக்கும். நாலு மூலை ஒட்டு மட்டும் அப்படியே நிற்கும். பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்டு போன மாமாவோ, ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணோ, யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். பிடுங்கியவர்களும் அந்த இடத்தில் வேறு படம் வைக்கத் துணியவில்லை. போனில் டெலிட் செய்தால் இந்தத் தடயம்கூட மிஞ்சாது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோயில்களின் புகைப்படங்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 2010-களில் அங்கிருந்தே ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய குடும்பப் படங்களையும் தேடிப் பிரதியெடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பின்பக்கம் பெயர் எழுதாத படத்தை எந்த ஆய்வாளர் வந்து என்ன செய்ய முடியும்? 'நடுவில் நிற்கும் பெண்மணி' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பென்சிலால் மெதுவாக, படத்தின் பின்னாலோ கீழே அட்டையிலோ, பெயர், ஊர், வருஷம் எழுதிவிடுங்கள். பால் பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும்.

பைண்டரிடம் கடைசியில் நாலைந்து தாள் காலியாக விடச் சொல்லுங்கள். பழைய ஆல்பத்தில் எப்போதும் இருக்கும், குழந்தை பிறந்தால் வைக்க. கரிஷ்மாவில் கிடையாது, அதில் ஷீட்டுக்கு இவ்வளவு என்று ரேட்.