மரம் எப்படி ஆகாயமானது?

மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் அக்குபஞ்சர் நூல்களை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒல்லியான புத்தகங்கள், எளிய தமிழ், கைக்கு அடக்கமான விலை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் நாவலைப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். இதை வாங்கிப் போவார்கள். இப்படி வாசிக்கப்படும் ஓர் உரைநடையை நம் விமர்சனம் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. வைத்தியம் பலிக்குமா என்று டாக்டர்கள் சண்டை போடட்டும். மொழிபெயர்ப்பாக இது தேறுமா என்பது நம் கேள்வி.

சீன மரபின் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம்முடைய ஐந்து: நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். மூன்று ஒத்துப்போகின்றன, இரண்டு போகவில்லை. தமிழ் நூல்கள் பலவும் உலோகத்தைக் காற்றாக்கி, மரத்தை ஆகாயமாக்கிக் கணக்கை நேர் செய்துவிடுகின்றன. நுரையீரலுக்கு உரியது காற்று என்றால் நமக்குச் சட்டென விளங்கும்; உலோகம் என்றால் முழிப்போம். ஆனால் சீனர்களின் ஐந்து வெறும் பொருட்கள் அல்ல, மாற்றத்தின் ஐந்து கட்டங்கள். மரம் நெருப்பை வளர்க்கும், உலோகம் மரத்தை வெட்டும். காற்று ஆகாயத்தை எப்படி வெட்டும்? தர்க்கம் அங்கே அறுந்துபோகிறது. பழகிய சொற்கள் என்பதால் வாசகருக்கு அது தெரிவதில்லை.

பழகிய சொல்லுக்குத் துணையாகப் பழகிய கதையும் வருகிறது. பழனி மலையில் போகர் சமாதி இருக்கிறது. 'அவர்தான் இதைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் கேள்வி முடிந்தது. சீனாவின் வரலாறோ இவ்வளவு சுளுவானதல்ல. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துயி கல்லறையிலிருந்து 1973இல் எடுத்த சுவடிகள் உடலின் நாளங்களைச் சொல்கின்றன, சூடு வைப்பதைச் சொல்கின்றன. ஊசி குத்துவதைச் சொல்லவில்லை. 1822இல் சிங் பேரரசே தன் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கியது. மனிதர்கள் சேர்த்ததும் கழித்ததும் சண்டையிட்டதுமாக வளர்ந்த கலை இது. சித்தர் கையால் முழுதாக இறங்கியது என்று எழுதினால், அந்தச் சண்டைகளோடு திருத்திக்கொள்ளும் வழியும் காணாமல் போகிறது.

அடுத்தது 'மருந்தில்லா மருத்துவம்'. இந்தச் சொல்லைக் கேட்டால் சீன வைத்தியர் திகைத்துப்போவார். லி ஷிசென் தொகுத்து 1596இல் வெளிவந்த மருந்து நூலில் மட்டும் 1,892 பொருட்கள் இருக்கின்றன. அங்கே ஊசியும் கஷாயமும் ஒரே குடும்பம். இங்கே மருந்தை விலக்க வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். செரித்தபின் உண்டால் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்ற 942ஆம் குறளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 950, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கையும் எண்ணிச் சொல்கிறது. எட்டுக் குறள் தள்ளிப் படித்திருந்தால் போதும்.

இந்தப் புத்தகங்களின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, நேரத்தோடு தூங்கு என்று அப்பத்தா குரலில் பேசுகின்றன. பெரியாஸ்பத்திரி வரிசையில் கால்கடுக்க நின்று இரண்டு நிமிஷம் டாக்டரைப் பார்த்தவருக்கு, தன் உடம்பைப் பற்றி ஒருவர் பொறுமையாகப் பேசுவதே ஆறுதல். அந்த ஆறுதல் வெறும் பேச்சல்ல. தீராத முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், முறையான ஊசிக்கு 47.6 சதவீதம் பேர் தேறினார்கள். புள்ளி தவறிய இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதற்கு 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சைக்கு 27.4தான். புள்ளியைவிடத் தொடுகையும் எதிர்பார்ப்பும் கவனிப்பும் அதிகம் வேலை செய்திருக்கலாம் என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரிகள் வெட்கத்தோடு கற்க வேண்டிய பாடம் இது.

ஆனால் முதுகுவலி வேறு, சர்க்கரை வேறு. 'சுகர் மாத்திரைய நிப்பாட்டிப் பாருங்கண்ணே, உடம்பே சரி பண்ணிக்கும்' என்ற வாக்கியமும் அதே அப்பத்தா குரலில்தான் வருகிறது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. கனிவான குரல் என்பதற்காக நாம் கேள்வி கேட்காமல் விடும் இடம் அதுதான். கவிதையில் மரத்தை ஆகாயமாக்கினால் யாருக்கும் சேதமில்லை. இந்தப் புத்தகங்களை வாசிப்பவரோ தன் மாத்திரைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்.