பழிகரப்பு அங்கதமும் ஒரு பாவைப் படமும்

அங்கதம் இருவகைப்படும் என்பது தொல்காப்பியம் கற்றார் அறிந்த செய்தி. வெளிப்படையாக வசை கூறுவது செம்பொருள் அங்கதம். பழியைச் சொல்லுக்குள் மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் பாராட்டுவதுபோலப் பழித்த புறநானூற்றுப் பாட்டைப் பின்னதற்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையிற் காட்டுவது வழக்கம். செய்யுளுக்கு வகுத்த இவ்விலக்கணம் திரைப்படத்துக்கும் பொருந்துமா எனக் கேட்போர், செக்கோஸ்லோவாக்கியாவில் 1965ஆம் ஆண்டில் உருவான ‘கை’ என்னும் பாவைப் படத்தைக் காணல் வேண்டும். பதினெட்டு நிமிடங்களே ஓடும் இச்சிறு படம் ஓர் அரசின் பொருட்செலவில் எடுக்கப்பெற்று, அவ்வரசாலேயே இருபதாண்டுக் காலம் மறைத்து வைக்கப்பெற்றது. அதில் அரசை உறுத்தியது எது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

படத்தை ஆக்கியவர் யிர்ஜி திரன்கா. 1912ஆம் ஆண்டில் பில்சன் நகரிற் பிறந்தவர். ஓவியர், சிற்பி, குழந்தை நூல்களுக்குப் படம் வரைவதில் உலகப் புகழ் பெற்றவர். 1968இல் ஆன்டர்சன் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. இளமையில் யோசப் ஸ்கூபா என்னும் பெரும் பாவைக்கூத்தரிடம் பயின்றார். செக்கு நாட்டில் பாவைக்கூத்து சிறுவர் விளையாட்டன்று. ஆஸ்திரிய ஆட்சியில் நகரங்களில் ஜெர்மன் மொழி ஓங்கியிருந்த காலத்தில், ஊர் ஊராய்ச் சென்ற பாவைக்கூத்தரே செக்கு மொழியை மக்கள் செவியில் ஒலிக்கச் செய்தனர். நாஜிகள் ஆண்ட நாளில் தம் பாவைகளின் வாயிலாக ஆட்சியாளரை எள்ளிய ஸ்கூபா 1944இல் சிறைப்பட்டார். மனிதன் சொல்ல அஞ்சுவதை மரப்பாவை சொல்லும் மரபில் வந்தவர் திரன்கா என்பதை மறத்தலாகாது.

படத்தின் கதை மிக எளியது. ஒரு சிற்றறையில் ஒரு குயவன் வாழ்கிறான். அவனுக்கு ஒரு பூச்செடி உண்டு. அச்செடிக்கு நல்ல தொட்டி ஒன்று வனைந்து தருவதே அவன் விருப்பம். ஒருநாள் கதவு தட்டப்படுகிறது. வெள்ளுறை அணிந்த ஒரு பெருங்கை உள்ளே நுழைகிறது. தொட்டி வேண்டா, தன் உருவையே வனைக என்று குறிப்பாற் பணிக்கிறது. குயவன் மறுக்கிறான். கை மீண்டும் மீண்டும் வருகிறது, தொலைபேசியில் அழைக்கிறது, பரிசுப் பெட்டி அனுப்புகிறது, தொலைக்காட்சியில் தன் பெருமைகளைக் காட்டுகிறது, பொருளால் ஆசை ஊட்டுகிறது, மெல்லிய பின்னலுறை அணிந்து பெண்ணின் கையாய் வந்து மயக்குகிறது. மயங்கிய குயவனைக் கயிறுகளாற் பிணித்துப் பொற்கூண்டில் அடைக்கிறது. அங்கே அவன் கல்லில் ஒரு மாபெருங் கையைச் செதுக்குகிறான். அவனுக்குப் பதக்கங்களும் வாகை மாலையும் சூட்டப்படுகின்றன. அவனோ மெழுகுவத்திச் சுடரிற் கயிறுகளை எரித்துத் தப்பி ஓடுகிறான். தன் அறையை அடைந்து வாயிலையும் பலகணியையும் ஆணியறைந்து மூடுகிறான். அப்போது அலமாரியின் மேலிருந்த தொட்டி விழுந்து அவன் தலையைத் தாக்க, இறந்துபடுகிறான். கை வருகிறது. அந்த அலமாரியையே பேழையாக்கிப் பதக்கங்களுடன் சீரும் சிறப்புமாக அவனை அடக்கம் செய்கிறது.

இப்படத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. இசையும் ஓசைகளுமே உண்டு. தணிக்கை அதிகாரி நீக்கத்தக்க வசனம் ஒன்றும் இதில் இல்லை. கைக்கு முகமில்லை, பெயரில்லை, கொடியில்லை. தொலைக்காட்சியில் வரும் கைகளோ பலவாம்: விளக்கேந்திய கை, துலாக்கோல் ஏந்திய கை, ஓங்கிய முட்டி என அவை அணிவகுக்கின்றன. விளக்கேந்திய கையைக் கண்டவுடன் அமெரிக்காவின் சுதந்தரச் சிலை நினைவுக்கு வரும். ஆகவே இப்படம் பொதுவுடைமை ஆட்சியை மட்டும் பழித்ததெனச் சிலர் கூறுவது குறைவுடைய கூற்றாகும். தன் உருவையே கலையாகக் காண விரும்பும் ஆட்சி எங்கிருந்தாலும் அதன்மேல் இப்பழி சாரும். மறைத்துக் கூறும் அங்கதத்தின் வலிமை இதுவே. பெயர் சுட்டிய வசை அப்பெயருடையானோடு மறையும். பெயர் சுட்டாத வசையோ உரியவன் வந்து ஏற்றுக்கொள்ளுமளவும் காத்திருக்கும்.

கலைநுட்பத்தாலும் படம் புதுமையுடையது. இவ்வகைப் படத்தில் பாவைக்குக் கயிறு இல்லை. கலைஞர் பாவையைச் சிறிது அசைத்து ஒரு படம் பிடிப்பார். மீண்டும் அசைத்து மற்றொன்று பிடிப்பார். ஒரு நொடிக்கு 24 படங்கள் என அவை விரைந்தோடும்போது பாவை தானே நடப்பதாகத் தோன்றும். அதனை அசைத்த கை திரையில் ஒருபோதும் தோன்றாது. அங்ஙனம் தோன்றாத கையைத் திரன்கா திரைக்குக் கொணர்ந்து, அதனையே கொடுங்கோலாக்கினார். பாவை மரத்தாலாயது, கையோ உயிருள்ள மனிதக் கை. இரண்டும் ஒரே அறையில் எதிர்ப்படும்போது அளவின் வேறுபாடே அச்சத்தை விளைக்கிறது. அதுவரை கயிறின்றி நடமாடிய குயவன் கயிறு பூட்டப்பெறும் காட்சி படத்தின் உயிர்நிலை. விடுதலையுடைய உயிர் அங்கே பொம்மையாகிறது. அவன் முகமோ மாறுவதேயில்லை; ஒளியும் நிழலும் விழும் திறத்தால் அதே முகம் மகிழ்ச்சியும் துயரமும் உடையதாகத் தோன்றுகிறது.

கையின் கொடுமையிற் பெரிது எது? அடித்து உடைப்பது அன்று. தொட்டி உடைந்தபோதெல்லாம் குயவன் மீண்டும் மண்ணைப் பிசைந்து புதிதாய் வனைந்தான். அவனை வீழ்த்தியவை பரிசும் பாராட்டும் மயக்கமுமே. பிராகு நகரத்தார் இதற்கு மெய்ச்சான்று ஒன்றைக் கண்டிருந்தனர். அங்கே பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த ஸ்டாலின் சிலைத்தொகுதி ஒன்று 1955இல் திறக்கப்பட்டது. போட்டியில் வென்று அதை வடிக்கும் பணியைப் பெற்ற ஒட்டகார் ஷ்வெட்ஸ் என்னும் சிற்பி, திறப்புவிழாவுக்குச் சிறிது முன்னரே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1962இல் அரசே அச்சிலையை வெடிவைத்துத் தகர்த்தது. மூன்றாண்டு கழித்து வந்த படத்தில் கூண்டினுள் ஒரு சிற்பி பெருங்கல்லைக் கொத்துவதைக் கண்டோர்க்கு விளக்கவுரை வேண்டியிராது.

குயவனின் முடிவைக் குறைகூறுவாரும் உளர். கையால் இறவாமல் தொட்டி விழுந்து இறப்பது தற்செயல் நிகழ்ச்சி. அது கையின் குற்றத்தைக் குறைத்துவிடுகிறது என்பர். ஆழ்ந்து நோக்கின் இம்முடிவே பொருத்தமானது. தப்பி வந்தவன் தன் வாயிலைத் தானே அடைக்கிறான். வெளிச்சம் வரும் வழியையும் மூடுகிறான். கை செய்த கூண்டிலிருந்து மீண்டவன் தன் கையாலேயே மற்றொரு கூண்டைச் செய்துகொள்கிறான். அச்சம் புகுந்த மனத்தில் ஆட்சியாளன் வந்து செய்யவேண்டிய வேலை எதுவும் எஞ்சுவதில்லை.

மெய்யான குறை வேறொன்று உண்டு. இப்படத்தில் குயவனையும் கையையும் அன்றி வேறெவரும் இலர். அண்டை வீட்டாரும் உடன்தொழில் செய்வாரும் எங்கே? எந்தக் கொடுங்கோலும் தன் ஒரு கையால் மட்டும் ஆள்வதில்லை. அஞ்சித் தலையசைக்கும் பல தலைகளும் அதற்கு வேண்டும். அத்தலைகளை அடுத்த ஆண்டே திரையிற் காட்டினார் யான் நெமெட்ஸ். 1966இல் அவர் எடுத்த ‘விருந்தும் விருந்தினரும்’ என்னும் படத்தில், சிலர் ஒரு விருந்துக்கு வலிந்து அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே ஒருவர் மட்டும் மகிழ விரும்பாமல் எழுந்து போய்விட, மற்றவர் நாயுடன் அவரைத் தேடப் புறப்படுகின்றனர். அப்படமும் தடைக்குள்ளாயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பவர்க்கே அக்காலத்து வாழ்வு முழுமையாக விளங்கும்.

‘கை’ வெளிவந்தபோது திரன்கா தண்டிக்கப்படவில்லை. 1968 ஆகஸ்டில் சோவியத்துத் தலைமையிலான படைகள் நாட்டினுட் புகுந்தபின் காலம் மாறியது. 1969 திசம்பர் 30ஆம் நாள் திரன்கா மறைந்தார். பில்சனில் அவருடைய இறுதிச் சடங்கு பெருஞ்சிறப்புடன் நடந்தது. அதன்பின் சில திங்களுக்குள் ‘கை’ படத்தின் படிகள் கைப்பற்றப்பட்டன. கலைஞனுக்குச் சிறப்பு, அவன் கலைக்குச் சிறை! படத்தின் இறுதிக் காட்சியை ஆட்சியாளரே நாட்டில் நடத்திக் காட்டிவிட்டனர். பெயரில்லாத கைக்கு அவர்கள் தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தனர். 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தது. படம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

அங்கதம் ஆட்சியை மாற்றுமா என்று கேட்பவர் உண்டு. ‘கை’ எந்த அரசையும் கவிழ்க்கவில்லை. ஆயினும், அடியைவிடப் பரிசு கொடிதாகும் இடம் எது என்பதைச் சொல்லின்றியே காணுமாறு அது கற்பிக்கிறது. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்படத்தால் வேறொரு பயனும் உண்டு. பழிகரப்பு அங்கதத்துக்கு இலக்கணம் சொல்வது எளிது. அதன் சுவையை மாணவர்க்கு உணர்த்துவது அரிது. பதினெட்டு நிமிடம் இப்படத்தைக் காட்டி, அந்தக் கை யாருடையது என்று வினவினால் போதும். ஒரே வகுப்பில் பல விடைகள் எழும். அவ்விடைகள் எழுமளவும் குயவனின் தொட்டி உடையவில்லை எனலாம்.