காணம் என்றால் பொற்காசா?

பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் படிப்பவர்கள் முதலில் வாய் பிளப்பது பரிசுத்தொகையைப் பார்த்துத்தான். கபிலருக்கு 1,00,000 காணம். அரிசில் கிழாருக்கு 9,00,000. பெருங்குன்றூர் கிழாருக்கு 32,000. காணம் என்றால் பொற்காசு என்று உரை சொல்லிவிடும். உடனே நம் மனசில் சேரனின் பெயரும் வில்லும் பொறித்த தங்கக் காசு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது.

அப்படி ஒரு காசு கிடைத்திருக்கிறதா? ஆர். கிருஷ்ணமூர்த்தி 1980களிலிருந்து அடையாளம் கண்டு எழுதிய சங்க கால நாணயங்களை எடுத்துப் பாருங்கள். 'பெருவழுதி' என்று தமிழி எழுத்து பொறித்த சதுரக் காசு செம்பு. தலை உருவத்தோடு 'மாக்கோதை' என்று பொறித்தது வெள்ளி. தங்கத்தில் அரசன் பெயர் போட்ட காசு இல்லை.

தங்கமே இல்லாத நாடா என்றால், அதுவும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் ஒரே புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. சீசர் முகத்துக்கு இங்கே மதிப்பில்லை, உலோகத்துக்குத்தான் மதிப்பு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மதுரை அருகே தேனூரில் 2009-ல் கிடைத்த தங்கத்தில் 'கோதை' என்ற பெயர் உண்டு. ஆனால் அவை காசுகள் அல்ல, கட்டிகள்.

தென் மாவட்டங்களில் காணம் என்றால் இன்றைக்கும் கொள்ளுதான். குன்றிமணி போல அதுவும் பொன்னை நிறுக்கும் அளவாக இருந்திருக்கலாம். நிரல் எழுதுகிறவன் பாஷையில் சொன்னால், 'கிராம்' என்று படிக்க வேண்டியதை நாம் 'ரூபாய்' என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதே ரோமின் இன்னொரு ஓரத்தில் கதை வேறு. ஐரோப்பாவின் கெல்டியர்கள் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் பொற்காசைப் பார்த்து அடித்தார்கள். நகலுக்கு நகல் எடுத்ததில் அப்போலோவின் முகம் கரைந்து வெறும் சுருள்முடியானது. தேர் உடைந்து குதிரை மட்டும் மிஞ்சியது. பிறகு பிரிட்டனில் குனோபெலின் போன்ற அரசர்கள் தங்கத்திலேயே தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அவன் காசில் ஒரு பக்கம் தானியக் கதிர், மறுபக்கம் குதிரை. அங்கே பாணர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் பாடியது எழுத்தாகத் தங்கவில்லை. சில கெல்டிய அரசர்களின் பெயரே காசால்தான் நமக்குத் தெரியும்.

இங்கே நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாட்டால் அறிகிறோம். அவன் கொடுத்ததாகப் பதிகம் சொல்லும் பொன்னில் அவன் பெயர் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உருக்கினால் யார் பொன்னும் ஒன்றுதான். பெயரைச் சுமக்கும் வேலை பாட்டுக்குப் போயிருந்தது. அப்படிப் பார்த்தால் பரிசில் தானமில்லை, கூலி. அரிசில் கிழார் பொன்னையும் அரியணையையும் மறுத்து அமைச்சுப் பதவி கேட்டார் என்று பதிகம் சொல்வது, தன் வேலையின் விலை தெரிந்த ஒருவரின் பேரமாகவும் எனக்குப் படுகிறது.

பதிகங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை, அந்த எண்களை அப்படியே நம்ப முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் எண்கள் ஊதியவையாகவே இருக்கட்டும். கவிதைக்கு இவ்வளவு பொன் தகும் என்று ஒரு காலம் நினைத்திருக்கிறது, அது போதும்.

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே, வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரையில், 2022-ல் அகழாய்வு தொடங்கியது. தங்கத் துணுக்கு ஒன்று வெளியே வந்தால் போதும், "ராஜா காசு கிடைச்சிருச்சா?" என்று எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்கள் கேட்கும். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் நாம் குனோபெலினுக்குக் குறைந்தவர்கள் ஆகிவிட மாட்டோம். பெருவழுதியின் செம்புக் காசு சந்தையில் சாதாரண ஜனங்களின் கைமாறியிருக்கக்கூடிய காசு. அதைத் தேடிப் பார்க்கவும் கொஞ்சம் ஆசைப்படலாம்.