காவலுக்குப் போனவர் மனசு மாறியது, விறகுக்குப் போனவர்?

அருண் அக்ரவாலின் 'என்விரான்மென்டாலிட்டி' (2005) புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1921இல் குமாவோன் மலைக்காரர்கள் அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் காட்டுக்கே தீ வைத்தார்கள். 1931இல் வன் பஞ்சாயத்து விதிகள் வந்தன. கிராமமே காட்டைப் பார்த்துக்கொள்ளலாம். தீ வைத்தவர்களின் பேரன்மார் இப்போது காவல் போட்டு, புல் அறுத்தால் அபராதம் போடுகிறார்கள். எப்படி? காவல், கணக்கு என்று இறங்கி வேலை செய்தவருக்குத்தான் காட்டின் மேல் அக்கறை வருகிறது, சாதியோ பாலினமோ தானாக அதைத் தருவதில்லை என்கிறார் அக்ரவால்.

நல்ல வாதம்தான். அவர் பெண்களைப் பற்றிப் பேசாமலும் இல்லை. ஆனால் எனக்கு இடிப்பது இங்கேதான்: பஞ்சாயத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் ஆம்பளைங்க, தினமும் அரிவாளோடு காட்டுக்குப் போனது பொம்பளைங்க. காட்டை மூடியதும் பெண்கள் விறகுக்கு இன்னும் தூரம் நடந்ததை, சுள்ளியும் வரட்டியும் வைத்து அடுப்பெரித்ததை, இந்திய, நேபாள வனக்குழுக்களைப் பார்த்து பீனா அகர்வால் 2001இலேயே எழுதிவிட்டார். (அக்ரவால், அகர்வால்: குறிப்பெடுக்கும்போது நானே குழம்பிப்போனேன்.)

அபராதம் கட்டுகிற பெண்ணை 'இன்னும் அக்கறை வராதவர்' என்று எப்படிப் படிப்பது? வீட்டில் மாடு பசியோடு நிக்குது, அவ்வளவுதான். காவல் காப்பவருக்கு அந்தப் புல்லை வேறு யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள். மூடிய காட்டில் மரம் வளர்ந்திருக்கலாம். வெட்டு பக்கத்துக் காட்டுக்கு நகர்ந்ததா என்றும் பார்க்காமல் அதை மனமாற்றம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.