பக்கத்து வீட்டைக் கேட்காத சொல்லாராய்ச்சி

‘இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?’ என்று தொடங்கும் ஒரு நிமிடக் காணொளிகளுக்கு இப்போது நல்ல மவுசு. ஓசி, துட்டு, சோமாரி, பேமானி என்று எதை எடுத்தாலும் ஒரு வெள்ளைக்காரத் துரை வருவார். அவர் எதையோ சொல்ல, நம்மவர் அதை வேறு மாதிரி உச்சரிக்க, முடிந்தது ஆராய்ச்சி. “இதில் என்ன குற்றம்? கதை உண்மையோ பொய்யோ, பிள்ளைகளுக்கு மொழிமேல் ஆசை வருகிறதே” என்று இதற்கு வக்காலத்து வேறு. அந்த வக்காலத்துதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டிதர்கள் தொடக் கூசிய தெருச்சொற்களை இவர்கள் கூச்சமில்லாமல் எடுத்துப் பேசுகிறார்கள். சில சமயம் சொல்வது சரியாகவும் இருக்கும். துட்டு என்பது டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக்காசிலிருந்து வந்தது என்பதை நானும் பெரும்பாலும் நம்புகிறேன். காசைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்; அதைப் புழங்கியவர்கள் 1613-இல் கோட்டை கட்டிய பழவேற்காடும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

திருத்தணித் தலபுராணத்தையும் இந்த வழக்கில் இழுக்க மாட்டேன். சூரனோடு செய்த செரு தணிந்த இடம், அதனால் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்கிறார்கள். அது புராணம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. காணொளிக்காரரோ ‘வரலாற்று உண்மை’ என்று பலகை மாட்டிக்கொண்டு வருகிறார்.

என் குறை ஒன்றுதான், நெடுநாள் குறை. இவர்கள் பக்கத்து மொழியைக் கேட்பதே இல்லை.

ஆந்திர எல்லையோரத் திருத்தணியின் மலையடிவாரத்தில் சற்று நேரம் நின்றால் போதும். நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து மொட்டை போட்டுக்கொண்டவர்களைப் பூக்கடை அம்மா “ரண்டி, ரண்டி” என்று கூப்பிடுவார். அடுத்த மூச்சில் கடைப்பையனை “டேய் சோமாரி, தட்டை எடுடா” என்று ஏசுவார். அவருக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் ‘சோமரி’ என்றால் சோம்பேறி. சி. பி. பிரவுனின் 1852ஆம் ஆண்டுத் தெலுங்கு அகராதியைப் புரட்டினால் தெரிந்துவிடும். கன்னடத்தில் நம் ‘மா’ நெடிலோடு அப்படியே ‘சோமாரி’. இதற்குத் துரை யாரும் வேண்டாம். சோம்பேறியைக் குறித்த சொல் சென்னைக்கு வந்து பொது வசையாக எப்படி விரிந்தது என்பதுதான் உருப்படியான கேள்வி. துரை கதை அந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

சாவுகிராக்கியில் வரும் கிராக்கியும் இப்படித்தான். தெலுங்குக் கடைவீதியிலும் அது கிராக்கிதான். பேமானி உருது, ‘ஈமான்’ இல்லாதது, அதாவது நேர்மை கெட்டது. பேஜாரின் வேர் பாரசீகம். நவாப் ஆண்ட ஆற்காடு திருத்தணிக்கு அப்படியொன்றும் தூரமில்லை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு டீக்கடையில் விசாரித்திருந்தால் பாதிக் காணொளிகள் பிறந்தே இருக்காது.

ஓசியைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்களில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதற்காக ஓ, சி என்று முத்திரை குத்தினார்கள், அவை காசில்லாமல் போயின, அதனால் ஓசி என்பது கதை. இருக்கலாம். ஆனால் மலையாளத்தில் இதே பொருளில் ‘ஓசு’ என்கிறார்கள். அங்கே அந்தச் ‘சி’ என்ன ஆயிற்று? முத்திரை குத்திய உறை எங்கே? இந்தச் சொல் முதலில் அச்சேறியது எப்போது? இப்படிக் கேட்டால், “பொருந்துகிறதே சார்” என்கிறார்கள். பொருந்துவதெல்லாம் சாட்சி என்றால் ஜாதகப் பொருத்தம் பார்த்த எந்தக் கல்யாணமும் கோர்ட்டுக்குப் போயிருக்காது.

பக்கத்து மொழியை ஏன் கேட்பதில்லை? சோம்பல் ஒரு காரணம். அதைவிட வீம்பு பெரிய காரணம் என்பேன். துரையின் வாயைக் கேலி செய்தால் நமக்கு ஒரு குளிர்ச்சி. பக்கத்து ஊர்க்காரனிடம் வாங்கினோம் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. எந்தச் சொல்லையும் தமிழ் வேராகப் பிரித்துக் கட்டும் எதிர்க்கோஷ்டிக்கும் இதே வியாதிதான்.

எது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்ற வழக்கு திருத்தணிக்காரருக்குப் புதிதல்ல. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், ஆந்திரத்துக்கும் நமக்கும் இடையே கிராமத்தை அலகாக வைத்து நடுவர் பட்டாஸ்கர் வகுத்த எல்லை, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது எல்லாம் பாட்டன் காலத்துப் பேச்சாக இன்னும் அங்கே புழங்குகிறது. ஒரு கிராமத்தில் எத்தனை பேர் எந்த மொழி பேசுகிறார்கள் என்று எண்ணிவிடலாம். அவர்கள் திட்டும் சொல் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று எந்தக் கமிஷனாலும் எண்ண முடியாது.

அதே ம.பொ.சி.யைச் ‘சிலம்புச் செல்வர்’ என்று அழைத்தவர் ரா. பி. சேதுப்பிள்ளை. பட்டத்துக்கு இப்படி ஒரு தகப்பன் உண்டு. தெருச்சொல்லுக்கு அப்படி ஒருவர் இருப்பது அபூர்வம். அது சந்தையில், வண்டி நிறுத்தத்தில், பல வாய் மாறிப் பிறக்கிறது. அதற்கு ஒரே தகப்பனைப் பிடித்துத் தருவதுதான் இந்தக் கதைகளின் தொழில். பிள்ளைக்கு வருவதாகச் சொல்லும் ஆசையும் அந்தத் தகப்பன் மேலேயே போய்ச் சேர்கிறது, சொல்மேல் அல்ல.

உண்மையிலேயே ஆச்சரியமான சொற்களை இவர்கள் விட்டுவிடுவதும் இதனால்தான். கஸ்மாலத்தை எடுங்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுடைய மனச்சோர்வைக் ‘கச்மலம்’ என்கிறான். அழுக்கு என்ற பொருளும் வடமொழியில் அதற்கு உண்டு. போர்க்களத்தில் பகவான் சொன்ன சொல் எந்த ஊர், எந்த மொழி வழியாக ரிக்‌ஷா நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது? தெலுங்கு வழியாகவா, உபந்நியாசக்காரர் வாய் வழியாகவா? இதைத் தேட நாலு மொழி அகராதிகளும் பழைய நாடகப் புத்தகங்களும் சில மாதங்களும் வேண்டும். ஒரு நிமிடம் போதாது.