‘இன் திஸ் வேர்ல்ட்’: படம் காட்டாமல் விட்ட கவுன்ட்டர்

“உயிருக்குப் பயந்து ஓடி வர்றவன் பக்கத்து நாட்டுல நின்னா போதாதா? எதுக்கு நாலு நாடு தாண்டி லண்டன் வரைக்கும் போகணும்?” ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், மைக்கேல் வின்டர்பாட்டம் இயக்கிய ‘இன் திஸ் வேர்ல்ட்’ பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நானும் இன்னொரு முறை பார்த்தேன். அவர் கேள்விக்கு அந்தப் படத்தில் பதிலே இல்லை!

2002-ல் வந்த படம். அடுத்த வருடம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. பெஷாவர் அருகே ஷம்ஷாத்து முகாமிலிருந்து ஜமால், இனாயத் என்று இரண்டு ஆப்கன் பையன்கள் லண்டனுக்குக் கிளம்புகிறார்கள். ஈரானில் போலீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்புகிறது, மறுபடி முதலிலிருந்து. பனிமலையை இரவில் நடந்து தாண்டி துருக்கி. இஸ்தான்புல்லிலிருந்து கப்பலில், மூடிய கன்டெய்னருக்குள் இத்தாலி. கதவு திறக்கும்போது இனாயத் உயிரோடு இல்லை. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல, கேமராவும் சின்ன டிஜிட்டல் கேமரா. அதனாலேயே அந்தக் கன்டெய்னர் காட்சி இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

படத்தின் பலம், பயணத்தை அது காட்டும் விதம். யாரும் மொத்த வழியையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதில்லை. ஒரு ஏஜென்ட் அடுத்த ஊர்வரை கொண்டு விடுவான், அங்கே இன்னொருவன். நீண்ட பாதையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அது துண்டு துண்டாகச் சேர்கிறது. இது படத்தில் அச்சாக இருக்கிறது.

என் குறை வேறு. இஸ்லாமாபாத்திலிருந்து லண்டன் விமானத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். அவர்கள் ஏன் அதில் ஏறவில்லை? பணம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் ஏஜென்ட்டுக்குக் கொட்டும் பணத்தில் டிக்கெட் வாங்கிவிடலாம். டிக்கெட் இருந்தாலும் விசா இல்லாதவனை செக்-இன் கவுன்ட்டரில் ஏற்ற மாட்டார்கள். அடைக்கலம் கேட்கப் போகிறேன் என்பதற்கு பிரிட்டனில் தனி விசா கிடையாது. அந்த மண்ணில் கால் வைத்தால்தான் அடைக்கலமே கேட்க முடியும். கால் வைக்கத்தான் வழி இல்லை.

இந்தக் கவுன்ட்டர் பூட்டப்பட்ட கதையில் தமிழர்களும் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் விமானத்தில் வந்து இறங்கித்தான் பிரிட்டனில் அடைக்கலம் கேட்டார்கள். 1985-ல் இலங்கைக்காரர்களுக்கு விசா கட்டாயமானது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு பிரிட்டன் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஹீத்ரோ ஓடுதளத்தில் ஆடைகளைக் களைந்து போராடினார்கள். அடுத்த மாதமே மசோதா வந்தது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால், தலைக்கு 1,000 பவுண்டு விமான நிறுவனத்துக்கு அபராதம். 1991-ல் அது 2,000 ஆனது. அன்றிலிருந்து டிக்கெட் சரிபார்க்கும் ஊழியர்தான் பிரிட்டனின் எல்லைக் காவலர். எதிரில் நிற்பவன் அகதியா இல்லையா என்று அவர் பார்க்க வேண்டியதில்லை, விசா இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்தக் கவுன்ட்டரை வின்டர்பாட்டம் ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம். காட்டாததால், படம் முடியும்போது ஆள் கடத்துபவன் மேல் கோபமும் பையன் மேல் இரக்கமும்தான் மிச்சம். அவனுக்கு அந்த வியாபாரத்தை உண்டாக்கிக் கொடுத்த சட்டம் கண்ணிலேயே படுவதில்லை.

சரி, நண்பர் கேட்ட ‘பக்கத்து நாடு’? பாகிஸ்தான் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவே இல்லை (இந்தியாவும்தான்). ஈரான் சேர்ந்தது, ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று படமே காட்டுகிறது. துருக்கியும் சேர்ந்தது, ஆனால் ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே அகதி என்று ஏற்கும் வரம்பை இன்றும் விடவில்லை. ஆப்கன் பையனுக்கு அங்கே முழு அகதித் தகுதி கிடையாது. ஆக, அந்த மூன்று நாட்டிலும் ஒதுங்கி இருக்கலாம், வேர்விட முடியாது.

இத்தாலியில்? அங்கே கேட்டிருக்கலாம்தான். இந்த இடத்தில் நண்பர் கேள்வி நியாயமானது. ஜமாலை இனாயத்தோடு அனுப்பியதே அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால். உறவுக்காரர்கள் லண்டனில். தெரிந்த மொழியும் தெரிந்த முகமும் இருக்கும் ஊருக்குப் போவதை ஆசை என்று சொன்னால் சொல்லட்டும். நாம் வேலைக்குப் போகும்போது அதைத்தானே பார்க்கிறோம்?

ஜமாலாக நடித்த பையன் படப்பிடிப்பு முடிந்ததும் நிஜமாகவே லண்டன் திரும்பி அடைக்கலம் கேட்டான். மனு நிராகரிக்கப்பட்டது, 18 வயது ஆகும்வரை இருக்க மட்டும் அனுமதி. இதைப் படம் கடைசியில் எழுத்தில் சொல்கிறது. கவுன்ட்டருக்கு மிக அருகே படம் வருவது அந்த இரண்டு வரியில்தான்.

நண்பருக்குப் படத்தோடு இந்தக் குறிப்பையும் அனுப்பப் போகிறேன்.